மூன்று நாள் தயிர்

கிளியம்மாள் ஒடித்துக்கொண்டு வந்து போட்ட இலந்தைக் கொப்பிலிருந்து இலையை உருவிக்கொண்டிருந்தாள் ஜைத்தூன். முள் ஏறி விரலில் ரத்தம் கசிந்ததுகூட அவளுக்கு உறைக்கவில்லை. கிளியம்மாள்தான் பார்த்துவிட்டுக் கொப்பைப் பிடுங்கிக்கொண்டாள்.

"குடு இங்க. நீ போயி உங்கம்மா பக்கத்துல குந்து. எலய நான் பாத்துக்கறேன்."

"குந்த முடியலியே கிளியக்கா."

அது நிஜம். விடிகாலை பாங்கு ஓய்ந்த கையோடு அம்மா குல்ஜார்பீயின் மூச்சும் ஓய்ந்தது. அப்போதிலிருந்து ஜைத்தூனுக்கு இருப்புக் கொள்ளவில்லை. கூடத்துக்குப் போனாள், கொல்லைக்கு வந்தாள், மையத்தை, அம்மாவின் உடலை, குளிப்பாட்ட வைத்த தண்ணீர் காய்கிறதா என்று மூன்று தரம் பார்த்தாள், கற்பூரம் எங்கே என்று சத்தம் போட்டாள், கற்பூரம் அவள் கையிலேயே இருந்தது. துக்கத்துக்கு வந்திருந்த பெண்கள், பெற்றவளைப் பறிகொடுத்தவள் அப்படித்தான் இருப்பாள் என்று விட்டுவிட்டார்கள். ஒரே மகள். நாற்பது வயதாகியும் அம்மாவைப் பிரிந்து நாலு நாள் இருந்ததில்லை. புருஷன் மஸ்தான்கூட இந்த வீட்டோடு வந்து சேர்ந்தவன்தான்.

ஆனால் அவளை அலைக்கழித்தது அழுகை இல்லை. அழுகை வந்தால் தேவலை என்றிருந்தது. சாகிறவள் சும்மா சாகாமல் ஒரு பேச்சைச் சொல்லிவிட்டுச் செத்திருந்தாள்.

இன்று புதன்கிழமை. வருகிற ஞாயிற்றுக்கிழமை ஜைத்தூனின் மகள் நஸீமாவுக்கு நிக்காஹ். மாப்பிள்ளை தூரத்து ஆள் இல்லை, சுவருக்கு அந்தப்பக்கம் இருக்கிற ஹபீபாவின் மகன் தஸ்தகீர். மறைமலை நகரில் புதிதாக வந்த கம்பெனியில் வெல்டர். போன ரம்ஜானுக்குத்தான் வேலை நிரந்தரமாயிற்று. நஸீமாவை இதற்கு முன் பார்த்துவிட்டுப் போனவர்களில் ஒருவன் ஸ்கூட்டர் கேட்டான், இன்னொருவன் பெண்ணுக்கு நிறம் போதாது என்று சொல்லியனுப்பினான். தஸ்தகீர் ஒன்றும் கேட்கவில்லை. வாலாஜாபாத் பள்ளிவாசல் தெருவில் அப்படி ஒரு மாப்பிள்ளை அமைந்ததைப் பற்றி நாலு மாதமாகப் பேச்சு.

நிக்காஹ் பத்திரிகைக் கட்டு அம்மா படுத்திருந்த கட்டிலுக்கடியில்தான் இருந்தது. வேலூரில் அச்சடித்தது, ஒரு பக்கம் உருது, மறுபக்கம் தமிழ். உருதுப் பக்கத்தில் நஸீமாவின் பெயருக்கு முன்னால் 'நூரே சஷ்மி' என்று போட்டிருந்தது. அது பார்ஸி, கண்ணின் ஒளி என்று அர்த்தம் என்று பள்ளிவாசல் ஹஜ்ரத் சொன்னபோது நஸீமா கதவுக்குப் பின்னால் ஓடிவிட்டாள். தஸ்தகீர் வாசலில் சைக்கிள் மணி அடித்தாலும் அதே ஓட்டம்தான். நாலு மாதமாக அந்தக் கதவுக்கு ஓய்வில்லை.

அம்மாவுக்கும் ஓய்வில்லை. பேச்சு முடிவான நாளிலிருந்து ராவும் பகலும் எழுவாள், உட்காருவாள், தஸ்பீஹ் மணியை உருட்டுவாள், பாதியில் கீழே வைப்பாள். பத்திரிகை வந்ததும் அதைத் தடவிப் பார்த்துவிட்டுக் கட்டிலுக்கடியில் தள்ளினவள் அவளேதான். பேத்தியைப் பிரியப்போகிற ஏக்கம் என்று வீட்டில் சிரித்தார்கள். அடுத்த வீட்டுக்குப் போகிறவளுக்காக இவ்வளவு ஏக்கமா என்று மஸ்தான் கேலி செய்தான்.

இன்று விடியும் நேரத்தில் அம்மா ஜைத்தூனின் மணிக்கட்டைப் பிடித்தாள். பிடியில் அவ்வளவு பலம் எங்கிருந்து வந்ததோ.

"மைச் தூத் பிலாயீ உஸ்கு" என்றாள். நான்தான் அவனுக்குப் பால் கொடுத்தேன்.

அந்த வீட்டில் பேசுவது உருதுதான். ஆனால் வடக்கேயிருந்து ஓர் உருதுக்காரர் வந்து கேட்டால் காதைப் பொத்திக்கொள்வார். பாதிக்குப் பாதி தமிழ் கலந்திருக்கும். சண்டை தமிழில், கொஞ்சல் உருதுவில். அம்மா சாவையும் அப்படியே கலந்துதான் பேசினாள்.

"யாருக்கு அம்மா?"

"தஸ்தகீருக்கு. மூணு நாளு. நம்ம புள்ள செத்துப்போன வாரம். நாலு மாசமா நஸீமா மூஞ்சியப் பாத்துப் பாத்து வாயக் கட்டிகினேன். முடியல." மூச்சு வாங்கினாள். "என்னைத் தூக்கிகினு போறதுக்கு முன்ன அவனை என் மூஞ்சியப் பாக்க வுடு. அவனுக்கு ஹக்கு கீது."

ஹக்கு என்றால் உரிமை. பெண் மையத்தின் முகத்தை எல்லா ஆண்களும் பார்த்துவிட முடியாது. பெற்றவன், பிறந்தவன், உடன்பிறந்தவன் என்று, கல்யாணம் கட்டிக்கொள்ள முடியாத உறவுக்காரன்தான் பார்க்கலாம். அவனைப் பார்க்க விடு என்றால், அவன் அந்த உறவு என்று ஊரறியச் சொல்லு என்று அர்த்தம். வயிற்றில் பிறந்தவனுக்கும் பால் குடித்தவனுக்கும் இந்த விஷயத்தில் வித்தியாசம் கிடையாது. கைக்குழந்தையாக ஒரு வாய் குடித்திருந்தாலும் பிள்ளைதான். தஸ்தகீர் அம்மாவுக்குப் பிள்ளை என்றால் ஜைத்தூனுக்குத் தம்பி. நஸீமாவுக்கு மாமு, தாயின் உடன்பிறப்பு. மாமுவைக் கட்டிக்கொள்வது என்பது அந்தத் தெருவில் வாயால் சொல்லவே கூசுகிற பேச்சு.

சொல்லிவிட்டு அம்மா பாட்டுக்குப் போய்விட்டாள். நாலு மாதம் தான் சுமந்ததை மகள் தலையில் இறக்கிவைத்துவிட்டு, முகத்தில் ஒரு சுருக்கம் இல்லாமல் கிடந்தாள். ஜைத்தூனுக்கு அவள்மேல் ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. செத்தவள்மேல் ஆத்திரப்படுகிறோமே என்று இன்னொரு பக்கம் அழுகையும் முட்டியது.

சாகிற நேரத்துப் பிதற்றலாக இருக்கக்கூடாதா. அதைத்தான் கிளியம்மாளிடம் கேட்டுவிட வேண்டும் என்று காலையிலிருந்து கொல்லைக்கும் கூடத்துக்கும் நடந்துகொண்டிருந்தாள். கிளியம்மாள் இந்தத் தெருவுக்கு முப்பது வருஷமாக எருமைப்பால் ஊற்றுகிறவள். எந்த வீட்டில் எந்தப் பிள்ளை எத்தனை ஆழாக்கு குடித்து வளர்ந்தது என்று விரல் நுனியில் வைத்திருப்பாள்.

"கிளியக்கா, ஹபீபா ஆபா பெரிய ஜுரத்துல கெடந்தாங்களே, தஸ்தகீரு கைக்கொழந்தையா இருக்கசொல்ல. அப்ப புள்ளைய எங்க வூட்ல வுட்டிருந்தாங்க இல்ல?"

கிளியம்மாளின் கை இலைமேல் நின்றது.

"ஆமா. மூணு நாளு."

"பாலு நீதானே ஊத்தின?"

"நான்தான் ஊத்தினேன். வேளைக்கு அரைப் படி. சங்குல பொகட்டச் சொல்லி அந்தக் கெழவி, ஹபீபா மாமியாரு, எம் முன்னாலதான் சொல்லிட்டுப் போச்சு. புள்ளைய மண்ணுக்குக் குடுத்தவ பாலு ஆவாது, மாரு கீரு வச்சிடாதன்னு. இருபது நாள் புள்ளைய வாரிக் குடுத்துட்டு குந்திகினு இருக்கறவகிட்ட சொல்ற பேச்சா அது."

"அப்புறம்?"

கிளியம்மாள் அவளை ஏறிட்டுப் பார்த்தாள். "இன்னாத்துக்கு இப்பக் கேக்கற?"

"நீ இன்னா பாத்தன்னு சொல்லு."

"பாத்தத பாத்தேன். மத்தியானத்துல பாலு ஊத்த வந்தேன். உள்ளறையில உங்கம்மா மடியில புள்ள. பாயம்மா கண்ணுல தண்ணி ஊத்துது, புள்ள மொச்சு மொச்சுன்னு குடிக்குது. என்னைப் பாத்து வாயில வெரல வச்சிது. நான் பாலு ஊத்தாம சொம்பத் தூக்கிகினு திரும்பினேன். ஊத்திட்டுப் போ, யாருக்கும் தெரியக் கூடாதுன்னு சொல்லிச்சு. ஊத்திட்டுப் போனேன்." கிளியம்மாள் லேசாகச் சிரித்தாள். "அந்தப் பாலையெல்லாம் இன்னா பண்ணாங்களோ."

ஜைத்தூனுக்குத் தெரியும். அப்போது அவளுக்குப் பதினாறு வயது. அந்த வீட்டில் தயிர் என்பது பெருநாளைக்குப் பெருநாள் பார்க்கிற பண்டம். அந்த மூன்று நாளும் வேளா வேளைக்குச் சட்டி நிறையக் கெட்டித் தயிர். சோற்றைப் பிசைந்து பிசைந்து தின்றாள். தம்பி செத்த வாரத்தில் இத்தனை தயிர் ஏது என்று கேட்கத் தோன்றவில்லை. கேட்டால் குறைந்துவிடுமோ என்றும் இருந்திருக்கலாம். இருபத்து நாலு வருஷம் கழித்து அந்தத் தயிர் இப்போது நெஞ்சில் வந்து நின்றது.

அவள் முகம் போன போக்கைப் பார்த்துக் கிளியம்மாளுக்குக் கொஞ்சம் விளங்கியது. மீதியை ஜைத்தூன் நாலு வார்த்தையில் சொன்னாள்.

"அட, இதுக்கா." கிளியம்மாள் மறுபடி இலையை உருவ ஆரம்பித்தாள். "தாய்மாமன் மொறதானே ஆவுது? எங்காளுங்கள்ல அதான் மொத உரிம. நான் கட்டிகினது யாரு? எங்கம்மா கூடப் பொறந்த சுப்பன். மேளம் வச்சி தட்டு வச்சி ஊரக் கூட்டிக் குடுத்தாங்க."

"எங்கள்ல ஆவாது கிளியக்கா. அது பாவம்."

"இன்னா பாவமோ. தெரிஞ்சவங்க மூணு பேரு. ஒருத்தங்க போயிட்டாங்க. நான் வாயத் தொறக்க மாட்டேன், எம் புள்ளைங்க மேல ஆண. அப்பால நீதான்." குரலைத் தாழ்த்தினாள். "அந்தப் பொண்ணு மூஞ்சிய ஒரு தபா பாத்துக்கோ. அப்பால நீ இன்னா வேணா பண்ணு."

கொல்லையில் நாலு பக்கமும் புடவையைக் கட்டி மறைத்து அம்மாவைக் குளிப்பாட்டினார்கள். மகள்தான் முதலில் கை வைக்க வேண்டும் என்றார்கள். இலந்தை இலை போட்டுக் காய்ச்சிய தண்ணீரை ஒருத்தி ஊற்ற, மூடிய துணிக்கடியில் கையை விட்டு ஜைத்தூன் துடைத்தாள். தோள், கழுத்து, விலா. கை மார்பின்மேல் வந்தபோது நின்றுவிட்டது. ஒன்றுமே இல்லை அங்கே, வெறும் தோல். இதைத்தான் தானும் குடித்தோம், பிறந்த இருபதாம் நாள் போன தம்பியும் குடித்தான். அவன் குடிக்காமல் விட்டுப்போனதை அடுத்த வீட்டுப் பிள்ளை குடித்தான். பால் கட்டி நெறிகட்டிய மாரோடு, அழுகிற பிள்ளைக்குச் சங்கில் எருமைப்பால் ஊட்டச் சொன்னால் எந்தப் பொம்பளையால் முடியும். தன்னாலும் முடிந்திருக்காது. அந்த நிமிஷத்தில் அம்மாமேல் இருந்த ஆத்திரம் போய்விட்டது. பயம் மட்டும் போகவில்லை.

"தேயும்மா, தண்ணி ஆறுது" என்றாள் ஊற்றுகிறவள்.

கஃபன் துணி சுற்றிக் கூடத்தில் கிடத்தினார்கள். முகம் மட்டும் திறந்திருந்தது. மையத்தைத் தூக்கிப்போகிற சந்தூக் பள்ளிவாசலிலிருந்து வந்து வாசலில் இறங்கியது. மத்தியான லுஹர் தொழுகை முடிந்ததும் எடுத்துவிட வேண்டும் என்று ஹஜ்ரத் சொல்லியிருந்தார். ஹஜ்ரத் ஆம்பூர் பக்கத்துக்காரர், வெள்ளைத் தாடி, பொறுமைசாலி. அவருக்கு ஒரு பழக்கம் உண்டு. எந்த உறவைச் சொன்னாலும் அரபியில் ஒரு தரம், உருதுவில் ஒரு தரம், தமிழில் ஒரு தரம் சொல்வார். ஜமாஅத்தில் பாதிப்பேர் உருது, பாதிப்பேர் தமிழ், அல்லாஹ்வுக்கு அரபி, யாருக்கும் குறை இருக்கக்கூடாது என்பார். கூடத்து வாசலில் திரையை ஒட்டி நின்றுகொண்டு இப்போதும் சொன்னார்.

"முகம் பாக்கறவங்க சீக்கிரம் பாத்துடுங்க. யார் யார் பாக்கலாம்னா, இப்ன், பேட்டா, மகன். அக், பாய், உடன்பிறந்தவன். அம், சச்சா, சித்தப்பா பெரியப்பா. கால், மாமு, தாய்மாமன். இவங்களுக்குத்தான் ஹக்கு. மத்த ஆம்பளைங்க வெளியில நின்னு துஆ செய்யுங்க."

அவர் சொன்ன வரிசையில் ஓர் ஆளும் அங்கே இல்லை. குல்ஜார்பீக்கு உடன்பிறந்தவன் ஒருவன் இருந்தான், ஐதராபாத்துக்குப் போனவன் போனவன்தான். மருமகன் என்ற முறையில் மஸ்தான் ஒருவன்தான் உள்ளே வந்து முகம் பார்த்துவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு போனான்.

அப்போதுதான் தஸ்தகீர் வந்தான். முதல் ஷிப்டில் இருந்தவனுக்குத் தகவல் போய், சூப்பர்வைசரிடம் பர்மிஷன் வாங்கி, ஒரகடம் வழியாக சைக்கிளை மிதித்து வந்திருந்தான். கம்பெனி நீலச் சட்டை நனைந்து முதுகோடு ஒட்டியிருந்தது. சைக்கிளை எங்கே போட்டான் என்று அவனுக்கே தெரியாது. நேராகத் திரையை விலக்கப் போனவனை இரண்டு பெண்கள் வாசலிலேயே மறித்தார்கள்.

"நீ இன்னும் தாமாத் ஆவல. ஞாயித்துக்கிழம ஆயிட்டிருந்தா பேத்தி புருஷன், பாக்கலாம். இப்ப ஆவாது."

"ஒரு நிமிசம் காலா. தூரத்துல இருந்து பாக்கறேன்."

"ஆவாதுப்பா. ஹஜ்ரத்தக் கேளு."

ஹஜ்ரத் அவன் தோளில் கை வைத்தார், தலையை ஆட்டினார். தஸ்தகீர் நிலைப்படியில் கையை ஊன்றிக்கொண்டு அப்படியே நின்றான். திரைக்கு இந்தப்பக்கம் ஜைத்தூன் அவன் கையை மட்டும் பார்த்தாள். வெல்டிங் பொறி பட்ட புள்ளிகள். இந்தத் தெருவில் மீசை அரும்பின எந்தப் பையன் வந்தாலும் அம்மா முந்தானையைத் தலைக்கு இழுத்துக்கொள்வாள். இவன் வந்தால் மட்டும் இழுத்ததில்லை. செல்லம் என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள் எல்லோரும்.

உள்ளே உட்கார்ந்திருந்த ஹபீபா எழுந்தாள். எதையும் தள்ளிப்போடத் தெரியாத பெண்பிள்ளை. துக்க வீட்டிலும் சோற்றுக்கு உலை வைத்தது அவள்தான்.

"ஹஜ்ரத், நான் ஒண்ணு கேக்கறேன். நீங்க கீறீங்க. பொண்ணப் பெத்த பாவா கீறாரு. சாட்சிக்கு ஜமாஅத்தே வாசல்ல நிக்குது. ஞாயித்துக்கிழம ஓதற நிக்காஹ இப்பவே ஓதிட்டா இன்னா? எம் புள்ள மொறையோட உள்ள வந்து மூஞ்சி பாப்பான். அந்த மகராசியும் பேத்தி நிக்காஹ பாத்துட்டுப் போன மாதிரி ஆவும்."

கூடத்தில் அழுதுகொண்டிருந்தவர்கள்கூட நிறுத்தினார்கள். ஹஜ்ரத் தாடியைத் தடவினார்.

"தடை ஒண்ணும் இல்லை. பொண்ணு சம்மதம், பொண்ணோட தகப்பன், ரெண்டு சாட்சி. அஞ்சு நிமிஷ வேலைதான்."

மஸ்தான் திரையோரம் வந்தான். "இன்னா சொல்ற ஜைத்தூன்? நல்ல யோசனைதான். உங்கம்மாவுக்கும் மனசு குளுந்துடும்."

ஜைத்தூன் நஸீமாவைப் பார்த்தாள். அடுக்களை வாசலில் கண் வீங்கி நின்றிருந்தது பெண். ஹபீபா சொன்னதைக் கேட்டதும் அதன் கை தானாக எழுந்து தாவணியைச் சரிசெய்து தலையில் இழுத்துவிட்டுக்கொண்டது. அழுத முகத்தில் ஒரு சிவப்பு ஓடியது. துக்க நாளில் அப்படி ஆனதற்கு வெட்கப்பட்டு உடனே தலையைக் குனிந்தும் கொண்டது. பெற்றவளுக்கு அது போதாதா.

ஐந்து நிமிஷம். கிளியம்மாள் வாயைத் திறக்கமாட்டாள். அம்மா கேட்டதும் நடந்துவிடும், அவன் முகம் பார்த்துவிடுவான். எந்த முறையில் பார்த்தால் என்ன, பார்த்தான் இல்லையா. எல்லாருக்கும் எல்லாம் கிடைத்துவிடுகிறது. ஒருத்தி வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும், அதுவும் ஒரு காரியமா. சரி என்று சொல்ல ஜைத்தூன் வாயைத் திறந்துவிட்டாள் என்றுதான் சொல்ல வேண்டும்.

தஸ்தகீர் முந்திக்கொண்டான்.

"வேணாம்மா." ஹபீபாவைப் பார்த்துச் சொன்னான். "அவுங்க மூஞ்சியப் பாக்கறதுக்கோசரம் நிக்காஹ் பண்ணிகினா நல்லா இல்ல. நஸீமாவுக்கும் அது மரியாத இல்ல. நான் வெளியவே நிக்கறேன். நீ அடிச்சா நான் ஓடி வர்ற எடம் இதான், வேற ஒண்ணும் இல்ல. அவுங்களுக்கு நான் ஒண்ணும் மொற இல்லதான்."

சொல்லிவிட்டு நிலைப்படியிலிருந்து கையை எடுத்தான். வெளியே போகத் திரும்பினான்.

ஒண்ணும் மொற இல்லை. அம்மா கிடக்கிற கூடத்தில், அம்மா காதுக்கு நாலு முழம் தள்ளி, அந்தப் பேச்சு கேட்டது. ஜைத்தூனால் அதைத் தாங்கவே முடியவில்லை.

"அவன் பாக்கலாம் ஹஜ்ரத்" என்றாள். "வழி வுடுங்க. உள்ள வரட்டும்."

"எந்த முறையில அம்மா?"

"பேட்டா."

ஹஜ்ரத் புரியாமல் நின்றார். எந்த வீட்டுப் பையனையும் எந்தப் பெரியவளும் பேட்டா என்று கூப்பிடுவது வழக்கம்தானே.

"எங்கம்மா பால் குடுத்திருக்காங்க. மூணு நாளு. காலையில எங்கிட்ட சொல்லிட்டுத்தான் கண்ண மூடினாங்க. அவன் எனக்குத் தம்பி."

அரபியும் உருதுவும் தமிழுமாகச் சொல்லுகிற ஹஜ்ரத் இந்தத் தரம் ஒரு பாஷையிலும் ஒன்றும் சொல்லவில்லை. மஸ்தான் திரையைப் பிடித்த கையை விட்டான். ஹபீபாதான் முதலில் பேசினாள்.

"இன்னா பேச்சு இது? எம் புள்ளைக்கு யாரு யாரு பாலு குடுத்தாங்கன்னு எனக்குத் தெரியாதா? நாலு நாள்ல நிக்காஹ வச்சிகினு, செத்தவ மேல பழியப் போட்டு..."

"ஆபா, நான் ஏன் சொல்லணும்? எம் பொண்ணு ஆபா அது."

"சாட்சி யாரும்மா?" என்றார் ஹஜ்ரத் மெதுவாக.

கொல்லைப்பக்கத்து வாசலில் கிளியம்மாள் நின்றிருந்தாள். பிள்ளைகள்மேல் ஆணையிட்டவள்தான். முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"நான் பாத்தேன் சாமி. பாலு ஊத்த வரசொல்ல. நான் ஊத்தின எருமப்பாலு புள்ள வாய்க்குப் போவல. ஒற ஊத்தித் தயிராக்கித் தின்னாங்க."

"மூணு நாளும் எங்க வூட்ல தயிருதான்" என்றாள் ஜைத்தூன். "நான் தின்னேன்."

ஹபீபா திரும்பினாள். எதையோ தேடுகிறவள் மாதிரி கூடத்தைச் சுற்றிப் பார்த்தாள். அவள் கண் வெள்ளைத்துணிக்குள் இருந்த முகத்தில் போய் நின்றது.

"ஜுரம் வுட்டு எழுந்து வந்து இவனத் தூக்கினேன்" என்றாள், யாரிடமோ. "கொழுகொழுன்னு கெடந்தான். மூணு நாள் சங்குப்பால் குடிச்ச புள்ளையா இதுன்னு எங்க மாமியாகூட ஆச்சரியப்பட்டுச்சு. எங்கிட்ட வர மாட்டேன்னு இவங்க தோள்லயே மூஞ்சிய வச்சிகினு அழுதான். நான் அடிச்சேன் அவன." அப்படியே சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். "ஒரு வார்த்த சொல்லியிருந்தா நான் கால்ல வுழுந்திருப்பேனே."

ரஸாஅத், பால் கொடுத்ததால் வந்த உறவு, என்று ஹஜ்ரத் தமக்குள் சொல்லிக்கொண்டார். அதற்குமேல் கேட்கவில்லை.

ஜைத்தூன் அடுக்களைப் பக்கம் திரும்பினாள். நஸீமா அங்கே இல்லை. உள்ளே பானையை நகர்த்துகிற சத்தம் மட்டும் கேட்டது. போய்ப் பார்க்க வேண்டும் என்று கால் பரபரத்தது. ஆனால் அம்மாவுக்கு நேரமாகிக்கொண்டிருந்தது.

"உள்ள வாப்பா" என்றாள் வாசலைப் பார்த்து.

தஸ்தகீர் கம்பெனி பூட்ஸைக் கழற்றுவதற்குள் கயிறு இரண்டு தரம் முடிச்சு விழுந்தது. உள்ளே வந்தான். மறித்த பெண்கள் விலகினார்கள். தலைமாட்டில் மண்டியிட்டு அம்மா முகத்தைப் பார்த்தான். வாய்விட்டு அழவில்லை. குளிப்பாட்டின ஈரம் காதோரம் ஒரு சொட்டு நின்றிருந்தது, அதைச் சுண்டுவிரலால் துடைத்துவிட்டான். பிறகு அங்கேயே இருந்தான். யாரும் அவனை எழுப்பவில்லை. கடைசியில் ஹஜ்ரத்தான் வந்தார்.

"குழியில இறங்க மகன் வேணும். வா."

சந்தூக்கின் முன்கால் ஒன்றை அவன் தூக்கினான், இன்னொன்றை மஸ்தான். தெருமுனை திரும்புகிறவரை ஹபீபாவும் ஜைத்தூனும் ஒரே வாசலில் நின்றார்கள். ஒருத்தியை ஒருத்தி பார்த்துக்கொள்ளவில்லை. பிறகு ஹபீபா உள்ளே போய்க் கட்டிலுக்கடியிலிருந்த பத்திரிகைக் கட்டை எடுத்துத் தன் முந்தானையில் சுற்றிக்கொண்டு சுவருக்கு அந்தப்பக்கம் போய்விட்டாள்.

சாயங்கால அஸர் பாங்குக்கு முன்னால் ஆண்கள் திரும்பினார்கள். மற்றவர்கள் பள்ளிவாசல் பக்கம் போக, தஸ்தகீர் மட்டும் கொல்லை வழியாக வந்து கிணற்றடியில் நின்றான். நீலச் சட்டையில் முழங்கைவரை மண். கையெல்லாம் பாலாற்றுக் கரை மண். இரண்டாம் ஷிப்ட் பாதியாவது போக வேண்டும் என்று யாரிடமோ சொல்லியிருக்கிறான். கழுவிக்கொண்டு போகலாம் என்று வந்தவன், தொட்டியில் குனியாமல் சும்மா நின்றுகொண்டிருந்தான்.

ஜைத்தூன் எழுந்திருக்க நினைத்தாள். அதற்குள் அடுக்களையிலிருந்து நஸீமா வெளியே வந்தாள். கையில் சொம்பு. நாலு மாதமாக எந்தக் கதவுக்குப் பின்னால் ஒளிந்தாளோ அந்தக் கதவைத் தாண்டி நேராக நடந்து கிணற்றடிக்குப் போனாள். அவன் எதிரில் நின்று சொம்பைச் சாய்த்தாள். அவன் கையை நீட்டினான்.

தண்ணீர் ஊற்றக் குனிந்தபோது தாவணி அவள் தலையிலிருந்து நழுவித் தோளில் விழுந்தது. ஜைத்தூனின் கை பழக்கத்தில் அதை இழுத்துவிட எழுந்தது. எழுந்த கையை மடியில் வைத்துக்கொண்டாள். நஸீமா அதை எடுத்துப் போட்டுக்கொள்ளவில்லை. தஸ்தகீர் அவளைப் பார்க்கலாம், இனிமேல் குற்றமில்லை. அவன் தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

சொம்பு காலியாயிற்று. நகக்கண்ணில் மண் அப்படியே இருந்தது. நஸீமா இன்னொரு சொம்பு மொண்டுவரத் தொட்டிக்குப் போனாள். அவன் நீட்டிய கையை மடக்காமல் நின்றான்.